ஊதச் சொன்னார்கள்

மலர்கொடி ஊதினால் எலிக்கு வழியில்லை என்பார்கள் கன்னிமேட்டில். மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, கழுவெளி ஏரித் தண்ணீர் பரந்து கிடக்கிற பக்கமாக, வேலிக்காத்தான் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த இருளர் குடியிருப்பு. அறுப்பு முடிந்ததும் பெருமுக்கல் பக்கத்து நிலக்காரர்கள் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். வரப்பு முழுக்க எலி வளை, வந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்று. கன்னிமேட்டுக்காரர்கள் கடப்பாரையும் கலயமுமாகக் கிளம்புவார்கள்.

கலயம் என்றால் பழைய மண் கலயம்தான். அடியில் விரல் நுழைகிற ஓட்டை. உள்ளே வைக்கோலும் காய்ந்த சாணியும் திணித்து நெருப்பு வைத்து, கலயத்தின் வாயை வளையின் வாயோடு பொருத்திச் சேறு பூசிவிடுவார்கள். அப்புறம் அடி ஓட்டையில் வாயை வைத்து ஊத வேண்டும். புகை வளைக்குள் போகும். வளைக்கு இன்னொரு வாய் எங்காவது இருக்கும். அங்கே ஒருவர் குனிந்து காத்திருப்பார். மூச்சு முட்டின எலி அந்த வழியாக வரும், கையோடு பிடித்துக்கொள்ளலாம். ஆம்பிளைகள்கூட நாலு மூச்சு ஊதிவிட்டுத் தலை சுற்றுது என்று வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். மலர்கொடி உட்கார மாட்டாள். கண்ணில் நீர் வழிய வழிய, கன்னம் இரண்டும் தேங்காய் மாதிரி உப்ப, ஊதிக்கொண்டே இருப்பாள்.

"ராஜவேலு பொண்டாட்டி கட்டிக்கினு வரல. துருத்தி ஒன்னு கட்டிக்கினு வந்துட்டான்" என்பாள் அடுத்த வீட்டு ஆராயி. ஊரில் யாரைப் பற்றியும் எதையும் சொல்ல அவளுக்கு அனுமதி உண்டு. யார் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

புகை மலர்கொடிக்குப் புதிதில்லை. அவள் பிறந்ததே செங்கல் சூளையில். அப்பாவும் அம்மாவும் கல் அறுக்கப் போன இடத்தில், சூளை எரிந்துகொண்டிருந்தபோது பிறந்தாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சூளைப் புகை, கொஞ்சம் வளர்ந்ததும் எலிப் புகை, கல்யாணம் ஆனபின் அடுப்புப் புகை. நடுவில் உப்பளம் மட்டும்தான் அவளுக்குப் புகை இல்லாத வேலை. அங்கே வெயில் கண்ணைப் பறிக்கும், காலில் வெடிப்பு விழுந்த இடமெல்லாம் உப்பு ஏறிக் கடுக்கும். ஆனால் கடல் காற்று மட்டும் யாரையும் கேட்காமல் வந்து நெஞ்சுக்குள் போகும். பாத்தியில் உப்பை வாரிக் குவித்துவிட்டு நிமிரும்போது அவள் ஒரு மூச்சு இழுப்பாள். அந்த மூச்சுக்கு மட்டும் மேஸ்திரி கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரே பெண். தமிழ்நிலா. இரண்டாம் வகுப்பு. பெயர் வைத்தது அங்கன்வாடி டீச்சர். ஊரில் கூப்பிடுவது நிலா. அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வந்தது புது வீட்டுக்குப் போனபிறகுதான்.

புது வீடு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவர்கள் இருந்தது பனை ஓலைக் குடிசை. மழைக்கு ஒழுகும், காற்றுக்கு ஆடும், பாம்பு வரும். ஆனால் அடுப்பு எரித்தால் புகை தானே ஓலை வழியாகக் கசிந்து போய்விடும். கூரை முழுக்கவே ஜன்னல் என்று சொல்லலாம். பிறகு அரசாங்கத் திட்டத்தில் வரிசையாகக் காங்கிரீட் வீடுகள் வந்தன. கட்டியவர் சகாதேவன் என்ற காண்ட்ராக்டர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, கையில் எப்போதும் இரண்டு போன். ஊருக்கு நடுவில் நட்ட பலகையில் வீட்டுப் படம் போட்டிருந்தார்கள். அதில் முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் சமையல் மூலையில் ஒரு ஜன்னல். கட்டி முடித்தபோது முன்னால் ஒரு ஜன்னல் இருந்தது. பின்னால் சுவர் இருந்தது.

மலர்கொடி கேட்டாள். "பின்னாடி ஜன்னல் வெக்கலியேங்க. பொகை எப்படிப் போவும்?"

"ஜன்னல் வெச்சா பாம்பு வரும்மா" என்றார் சகாதேவன். "நீங்க பாம்பு புடிக்கிறவங்கதான், இல்லன்னு சொல்லல. இருந்தாலும் சின்னப் புள்ள இருக்குது பாரு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் புருஷன் ராஜவேலும் சிரித்தான். எதிரில் நிற்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அவனுக்குச் சிரிப்பு தானாக வந்துவிடும். அது சிரிப்பில்லை, ஒரு வகைக் கும்பிடு.

பிறகு ஒரு சார் வந்து போனில் போட்டோ எடுத்தார். வீட்டின் முன்னால் மூன்று பேரையும் நிற்க வைத்து, கதவுக்கு மேலே எழுதியிருந்த 'பயனாளி: மலர்கொடி' என்ற எழுத்துத் தெரிகிற மாதிரி. முன் ஜன்னல் அழகாக விழுந்தது. பின்பக்கம் போட்டோவில் விழாது. விழாத பக்கத்துக்கு எதற்கு ஜன்னல் என்று சகாதேவன் நினைத்திருந்தால் அவரைத் தப்புச் சொல்ல முடியாது. அவர் வீடு கட்டவில்லை, போட்டோ கட்டினார்.

"இன்னும் கடைசி போட்டோ பாக்கி இருக்குது, அது எடுத்தாத்தான் கடைசிப் பணம் வரும்" என்று போகும்போது சகாதேவன் சொல்லிவிட்டுப் போனார். "அதுவரைக்கும் சொவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. அடிச்சா கேன்சல்."

வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. உப்பளத்தில் வேலை நின்றது. குவித்து வைத்த உப்பு தார்ப்பாய்க்குள் தூங்கியது. அடுப்பு வீட்டுக்குள் வந்தது. இலவசமாக வந்த கேஸ் அடுப்பு ஒரு மூலையில் இருந்தது. அதற்கும் ஒரு போட்டோ எடுத்தார்கள். முதல் சிலிண்டர் தீர்ந்ததோடு சரி. வேலை இல்லாத மாசத்தில் அடுத்த சிலிண்டர் எங்கிருந்து வரும்? ஈர வேலிக்காத்தான் கட்டையை அடுப்பில் வைத்து, பற்றிக்கொள்வதற்குக் கிழிந்த உப்புச் சாக்கைச் சுருட்டி உள்ளே விட்டால், பிளாஸ்டிக் நாற்றத்தோடு கரும்புகை கிளம்பும். பின் சுவரில் மோதும். மேலே காங்கிரீட்டில் மோதும். போக வழி தெரியாமல் திரும்பி வந்து பாயில் படுத்திருக்கிற பிள்ளையின் மேல் இறங்கும். தூறலும் சாரலும் அடிக்கிற முன் ஜன்னலைச் சாத்திவிட்டால் வேறு வழியே இல்லை.

நிலாவின் நெஞ்சில் பூனைக்குட்டி ஒன்று குடிவந்தது மாதிரி சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூச்சு விடும்போது விலாவெலும்பு உள்ளே போய் வரும். பள்ளிக்கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடப் போனால் பாதியில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள்.

வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வரும் நர்சம்மா ஜெயா, பிள்ளையை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். அந்த வரைக்கும் அவள் செய்தது நல்ல காரியம். டாக்டர் எழுதிக் கொடுத்த நீலக் குழாயைக் கன்னிமேட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். மழை வருகிற மாதிரி இருந்தது. ஸ்கூட்டியை நிறுத்தாமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கொடுத்தாள்.

"இது மாத்திரை கெடையாது. ஊதுற மருந்து. காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு ஊதணும். தெனமும் விடாம ஊதணும், புரிஞ்சுதா?"

"எப்படி ஊதறதுங்க?"

மூடியைக் கழற்றாமல் தன் வாய்க்கு நேராகப் பிடித்துக் காட்டினாள் ஜெயா. "இப்படி வாயில வெச்சி, இத அழுத்தி, ஊத வேண்டியதுதான். இதுல இன்னா இருக்குது?"

ஸ்கூட்டி போய்விட்டது.

ஊதுவதைப் பற்றி மலர்கொடிக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அன்று சாயங்காலமே மகளை முன்னால் உட்கார வைத்தாள். "கலயம் ஊதறதப் பாத்திருக்க இல்ல? அதே மாதிரிதான். உதட்ட நல்லா குவிச்சிக்க. அடிவயித்துலேர்ந்து வரணும் மூச்சு. அழுத்துறப்போ ஊது."

நிலா அழுத்தினாள், ஊதினாள். குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகை சீறிக்கொண்டு அவள் மூச்சோடு சேர்ந்து வெளியே பறந்தது.

மலர்கொடிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. வளைக்குள் புகை போனால் எலி வெளியே வருகிறது. இங்கே நெஞ்சுக்குள் இருக்கிற புகையை மருந்து வெளியே துரத்துகிறது. வெள்ளையாக வருகிறதே, அதுதான் நோவு. எவ்வளவு பலமாக ஊதுகிறோமோ அவ்வளவு வெளியே வரும்.

"பாரு ஆராயிக்கா, எவ்ளோ வருது பாரு" என்று காட்டினாள்.

"தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடி பாயும்" என்றாள் ஆராயி. "ஊது நிலா. ஊதற ஊதுல நர்சம்மா ஸ்கூட்டி கவுந்துரணும்."

நிலா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

காலையும் மாலையும் ஒருநாள் தப்பாமல் ஊதினார்கள். அடுத்த தடவை ஜெயா வந்தபோது பிள்ளைக்குக் குறையவில்லை என்றாள் மலர்கொடி. ஜெயா பிள்ளையின் நெஞ்சில் காதை வைக்கவில்லை, ஊதிக் காட்டச் சொல்லவில்லை. "ஒழுங்கா ஊதறதில்ல. மருந்து குடுத்தா மூலைல போட்டுட்டு மந்திரிக்கப் போவீங்க. எனக்குத் தெரியாதா உங்களப் பத்தி" என்றாள்.

"இல்லிங்க, தெனமும் ஊதறோம்."

"இன்னும் நல்லா ஊதச் சொல்லு."

இன்னும் நல்லா ஊதினார்கள்.

கார்த்திகையில் அடைமழை பிடித்த ஒரு சாயங்காலம், நிலா ஊதுவதற்கு வாயைக் குவித்தாள், மூச்சு வரவில்லை. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி கறுத்தது. பேசச் சொன்னால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் குடம் கவிழ்கிற மாதிரி நெஞ்சு தூக்கிப் போட்டது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை.

ராஜவேல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ரோட்டுக்கு ஓடினான். மலர்கொடி பின்னால் ஓடினாள். உப்பு ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தார். வண்டியை எடுத்தார்.

உள்ளே கொண்டுபோனதும் பிள்ளையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, மெஷினைத் தட்டினார்கள். மெஷின் உறுமியது. கிண்ணத்துக்குள் வெள்ளையாகப் புகை நிறைந்தது. பிள்ளையின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டது.

மலர்கொடி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். "இன்னா பண்றீங்க? எம் புள்ளைக்கே பொகை வெக்கிறீங்களா?"

"ஏம்மா, கைய எடு. அறிவு இருக்குதா?" என்று ஒரு குரல்.

இன்னொரு குரல் மெதுவாக வந்தது. அருள்மொழி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளம் நர்ஸ். "பொகை இல்லக்கா. மருந்துத் தண்ணிதான் ஆவியா வருது. கைய வெச்சுப் பாருங்க."

மலர்கொடி கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. கருகின வாசனை இல்லை. கிண்ணத்தை அவளே திரும்பப் பிள்ளையின் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் விலாவெலும்பின் துடிப்பு அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பி வந்தது. சுவரோரம் நின்ற ராஜவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் வந்தார். நீலக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இத போடறீங்களா?"

"தவறாம ஊதறோம் சார்."

"ஊதறீங்களா? எப்படி, காட்டு."

மலர்கொடி குழாயை வாங்கினாள். உதட்டைக் குவித்தாள். அடிவயிற்றிலிருந்து ஊதினாள். வெள்ளைப் புகை டாக்டர் மேஜை வரை போய், அங்கிருந்த காகிதத்தை அசைத்துவிட்டு மறைந்தது.

அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் பாதி, பொத்தாமல் சிரித்தவர்கள் பாதி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்த ஊரு நீங்க?" என்றார்.

"மரக்காணம் பக்கம், கன்னிமேடு சார்."

"ஓ. இருளர் காலனியா."

அந்த 'ஓ' ஒரு முழுப் பதில். அதற்கப்புறம் யாரும் எதையும் விசாரிக்கத் தேவையில்லாமல் போயிற்று. யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எலியைக் கேட்டுவிட்டா வளைக்குப் புகை வைக்கிறோம்?

"ஊதக் கூடாதும்மா. இழுக்கணும். உள்ள இழுக்கணும்" என்றார் டாக்டர்.

"இழுப்புக்கு இழுக்கணுமா?"

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். மறுபடியும் சிரித்தார்கள்.

அருள்மொழி சிரிக்கவில்லை. சொம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கொண்டுவந்து, ஒரு முனையில் நீலக் குழாயைச் செருகி, மறுமுனையை நிலாவின் வாயில் வைத்தாள். "இளநியில குழாய் போட்டு உறிவோம் இல்ல, அந்த மாதிரி மெதுவா உறி கண்ணு. உறிஞ்சிட்டுக் கொஞ்சம் மூச்ச புடிச்சிக்க. ஆங், அவ்ளோதான்." மலர்கொடியையும் செய்து பார்க்கச் சொன்னாள். மலர்கொடியால் முதலில் முடியவில்லை. வாயில் எதை வைத்தாலும் அவள் மூச்சு வெளியேதான் போனது. உடம்புக்கு அந்த ஒரு திசைதான் பழக்கம்.

வீட்டுக்குப் போகச் சொல்லும்போது டாக்டர் சொன்னார்: "வீட்ல பொகை கூடாது. ஜன்னலத் தொறந்து வைங்க. இன்னொரு தடவ இப்படி வந்தா, கொண்டாந்து சேக்கறதுக்குள்ள ஏதாவது ஆயிடும்."

"பின்னாடி ஜன்னல் இல்ல சார்."

"கவர்மெண்ட் வீடுதானே? ஜன்னல் இல்லாம எப்படிக் கட்டுவாங்க?" என்றார். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். கூனிமேடு தாண்டும்போது நிலா அம்மா மடியில் தூங்கிவிட்டாள். இத்தனை நாள் காலையும் மாலையும் கொடுத்த மருந்தை மலர்கொடி நினைத்துப் பார்த்தாள். ஒரு துளிகூடப் பிள்ளைக்குள் போகவில்லை. எல்லாம் சுவருக்குப் போயிருக்கிறது. சுவருக்கு இழுப்பு இல்லை. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், உதட்டைக் குவி, அடிவயிற்றிலிருந்து ஊது என்று. முதலில் அழுகை வந்தது. திண்டிவனம் ரோட்டு முக்கு வருவதற்குள் அழுகை வேறொன்றாக மாறியிருந்தது.

ஜெயாவின் ஸ்கூட்டி அடுத்த தடவை வந்தபோது மலர்கொடி குறுக்கே போய் நின்றாள்.

"ஊதுன்னு சொன்னீங்க. ஊதுனோம். இழுக்கணுமாமே."

"நான் இழுன்னுதான் சொன்னேன்."

"இல்லிங்க. ஊதுன்னீங்க."

ஜெயாவின் முகம் ஒரு கணம் மாறியது. அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் உடனே அதை ஒரு கதவு மாதிரிச் சாத்திக்கொண்டாள். "ஊதுற மருந்துன்னு பேச்சுக்குச் சொல்றதும்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்றது. வெளிய ஊதினா மருந்து எப்படி உள்ள போவும்? கொஞ்சமாவது ரோசிக்க வேணாமா?"

"ஊதுன்னா ஊதறதுதானுங்களே. அதுக்கு வேற இன்னா அர்த்தம் இருக்குது?"

"உங்கிட்ட பேசிக்கினு நிக்க எனக்கு நேரமில்ல."

சகாதேவனிடம் போனாள். சுவரில் ஒரு ஜன்னல் எடுத்துக் கொடுங்கள், பிள்ளை பிழைக்கும் என்றாள். அவர் ஒரு போனில் பேசிக்கொண்டே அவளிடமும் பேசினார். "கடைசி போட்டோ முடியட்டும்மா. சொவுத்துல கைய வெச்ச, வூட்டையே கேன்சல் பண்ணிருவாங்க. அப்புறம் ஓலைக் குடிசைக்குத்தான் போவணும். பாத்துக்க."

"போட்டோ எப்போ எடுப்பாங்க?"

"வருவாங்க."

ராஜவேல் பயந்தான். "வூடு போயிட்டா எங்க போறது? குடிசை இருந்த எடத்துலதானே இத கட்டியிருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்கலாம் மலரு."

"நாம பொறுத்துக்கலாம். அவ நெஞ்சு பொறுத்துக்குமா?"

மழை இன்னும் முடியவில்லை. வாசலில் அடுப்பு வைக்கப் பார்த்தாள், அணைந்து அணைந்து போனது. அடுப்பை உள்ளே எரிக்கும்போது பிள்ளையை ஆராயி வீட்டுக்கு அனுப்பினாள். ஆராயி வீட்டிலும் அதே சுவர்தான். ஆராயியும் சோறாக்க வேண்டும். மழையில் பிள்ளையை எங்கே நிறுத்துவது? தினமும் சோறு வேகிறதற்கு முன்னால் அந்தக் கேள்விதான் வெந்தது.

அந்தச் சமயத்தில்தான் கன்னிமேட்டுக்கு விழிப்புணர்வு முகாம் வந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலையில், ஏழு கன்னிமார் கோயில் முன்னால் பந்தல் போட்டார்கள். ஒரு பேனர் கட்டினார்கள். அதில் ஒரு பெண் விறகடுப்பு ஊதுகிறாள், அவள் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. வந்தவர்களுக்கு நாற்காலி, ஊர்க்காரர்களுக்குத் தார்ப்பாய். சகாதேவன் முதல் வரிசையில் இருந்தார். ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"அரசாங்கம் உங்களுக்கு வீடு குடுத்திருக்கு. கேஸ் குடுத்திருக்கு. மருந்து குடுத்திருக்கு. உங்ககிட்ட இல்லாதது ஒன்னே ஒன்னுதான். விழிப்புணர்வு."

"ஒன்னே ஒன்னுதான் இல்லியாம்" என்றாள் ஆராயி பக்கத்தில் இருந்தவளிடம். "மத்ததெல்லாம் எங்க வெச்சிக்கிறேன்னு வூட்டுக்குப் போய்த் தேடணும்."

அடுத்து ஜெயா பேசினாள். இன்ஹேலரைத் தூக்கிக் காட்டி எப்படி இழுப்பது என்று சொன்னாள். இந்தத் தடவை இழு என்றுதான் சொன்னாள், மூன்று நாலு முறை அழுத்தியே சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இங்கயே ஒருத்தங்க இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன். இத எலி வளைக்குப் பொகை ஊதற மாதிரி புடிச்சி ஊதியிருக்காங்க. புள்ளையையும் ஊத வெச்சிருக்காங்க. அப்புறம் எப்படிக் குணமாகும், சொல்லுங்க?"

நாற்காலிகள் சிரித்தன. பேர் சொல்லாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தார்ப்பாயில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக மலர்கொடி பக்கம் திரும்பின. நிலா அம்மாவின் மடியிலிருந்து மெதுவாக எழுந்து, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள். ஊதினதற்காகப் பிள்ளை வெட்கப்பட்டது. சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்ததற்காக.

மலர்கொடி எழுந்து வீட்டுக்குப் போனாள். யாரும் கவனிக்கவில்லை, பிஸ்கட் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

கதவோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். எலி வளை வெட்டுகிற கடப்பாரை. பின்பக்கம் போனாள். சமையல் மூலை எது என்று வெளியிலிருந்தே தெரிந்தது, அங்கே மட்டும் சுவர் உள்ளே குடித்த புகையை வெளியே வியர்த்த மாதிரி மங்கிப்போயிருந்தது. ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

சாம்பல் கலந்து செய்த கல் வெறும் பானை மாதிரிச் சத்தம் போட்டது. இரண்டாவது குத்தில் மணலாகக் கொட்டியது. இவ்வளவு லேசாகவா என்று அவளுக்கே ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சுவருக்காகவா இத்தனை நாள் பயந்தோம்? அவள் நிறுத்தவில்லை. மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், சுவர் இடிக்கிற சத்தத்தில் வார்த்தைகள் கரைந்தன. பிறகு மைக் நின்றது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். கன்னிமேட்டு வீடுகளின் பின்பக்கத்தை அரசாங்கத்து ஆட்கள் மிதித்தது அன்றுதான் முதல் தடவை.

"ஏய், இன்னா பண்ற நீ?" என்று கத்தினார் சகாதேவன். "அரசாங்கச் சொத்துடி அது."

மலர்கொடி திரும்பினாள். முகமெல்லாம் சிமெண்டுத் தூசி. "டி போடாதீங்க. முன்னாடி போய்ப் படிங்க. எம் பேருதான் எழுதி வெச்சிருக்கீங்க."

"நாளைக்குப் போட்டோ எடுத்தா இந்த ஓட்டை அதுல விழுந்துரும். உன் வூடு போயிடும்."

"விழட்டும். இத்தினி நாளு விழாம இருந்துச்சே, அதுதான் தப்பு."

அதிகாரி முன்னால் வந்தார். கோபமாக இல்லை, அலுப்பாக இருந்தார். "ஏம்மா, முறையா ஒரு மனு குடுத்திருக்கலாம் இல்ல?"

"குடுக்கலாம் சார். நீங்க பதில் போடற வரைக்கும் புள்ள மூச்ச புடிச்சிக்கினு இருக்குமா?"

அவர் ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். காலையில் எரித்த அடுப்பின் புகை இன்னும் உள்ளே தங்கியிருந்தது. அது அவர் முகத்தைத் தாண்டி வெளியே வந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

ஆராயி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "எலிகூட ரெண்டு வாய் வெச்சுத்தான் சார் வளை தோண்டும். ஒத்த வாய் வெச்சித் தோண்டுச்சின்னா அது எலி இல்ல. காண்ட்ராக்டரு."

இந்தத் தடவை சிரித்தது தார்ப்பாயில் இருந்தவர்கள். ராஜவேல் சிரிக்கவில்லை. அவன் வந்து மனைவியின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினான். சகாதேவன், "நல்லா புத்தி சொல்லுப்பா" என்றார். ராஜவேல் ஓட்டையின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த கல்லை ஒரு குத்தில் தட்டிவிட்டான். பிறகு ஓரங்களைச் சதுரமாக்கத் தொடங்கினான்.

ஜெயா கும்பலின் ஓரத்தில் நின்றிருந்தாள். மலர்கொடி அவளைப் பார்த்தாள். ஜெயா வேறு பக்கம் பார்த்தாள். ஒரு மன்னிப்பு வருமோ என்று காத்திருக்கிற ஆசை மலர்கொடிக்கு இல்லை. அந்தப் பார்வை, நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும்தான்.

ஜீப்பும் ஸ்கூட்டியும் போய்விட்டன. வீடு கேன்சலாகுமா ஆகாதா என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நோட்டீஸ் வரலாம். வராமலும் போகலாம். சாயங்காலம் மறுபடியும் தூறல் போட்டது. ஓட்டைக்கு வெளியே உப்புச் சாக்கை வெயில்மறைப்பு மாதிரிச் சாய்த்துக் கட்டினான் ராஜவேல். மலர்கொடி அடுப்பை அதற்கு நேர் கீழே நகர்த்தி வைத்தாள். சாக்குத் துண்டு போடாமல், பனை ஓலை கிள்ளிப் போட்டுப் பற்றவைத்தாள். புகை வழக்கம்போல மேலே போய் முட்டியது, திரும்பியது, பிறகு ஓட்டையைக் கண்டுபிடித்து ஒவ்வொரு இழையாக வெளியேறத் தொடங்கியது. எல்லாம் போகவில்லை. பாதி போனது. பாதி போனதே அந்த வீட்டுக்கு வேறு வீடு மாதிரி இருந்தது.

எதிர் மூலையில், முன் ஜன்னலோரம் நிலாவை உட்கார வைத்தாள். பிளாஸ்டிக் குடுவையை எடுத்துக் குழாயைச் செருகினாள். பிள்ளை வாயை வைத்துவிட்டு, நாற்காலிகள் சிரித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, உடனே எடுத்துவிட்டது.

"அம்மா, ஊதவா, இழுக்கவா?"

மலர்கொடி அவள் எதிரே உட்கார்ந்தாள். கையை முஷ்டியாக மடக்கி, குழாய் மாதிரித் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஊதறதெல்லாம் எலிக்கு" என்றாள். "நாம இழுக்கலாம். நானும் கூட இழுக்கிறேன், வா."